ரிவர்ஸ் எடுக்கையில் பாடுவது

நூற்றெண்பது ரூபாய். மாட்டுக்கூலி தனி.
சிவப்பு வயர் ரிவர்ஸ் லைட்டுக்கு,
கறுப்பு பாடிக்கு.
கியரைப் பின்னால் தள்ளினால்
டிக்கிக்குள் ஒருவன் உட்கார்ந்து சீட்டியடிப்பான்:
நில்லேன் லில்லி, நில்லேன் லில்லி, மழை விடட்டும்.

பதின்மூன்று சுரம். அவ்வளவுதான் சிப்பில்.
பதின்மூன்றாவது பிசகு.
எந்த ஊரில் எவன் பதிந்தானோ,
இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல்
அரைப்படி மேலேயே நின்றுவிடும்,
கரண்ட் போன வீட்டில்
கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று
காலைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைப் போல.

குன்னூர் மவுண்ட் ரோட்டில் என் கடை.
ஹாரன், டைனமோ, வைப்பர் மோட்டார்.
பொம்பளையா வயரிங் பார்க்கிறது என்றவர்கள்
இப்போது சாவியைக் கொடுத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.
நான் மாட்டியதில்
ஹாலனின் பச்சைத்தேயிலை லாரி பாடுகிறது,
நகராட்சிக் குப்பை வண்டி பாடுகிறது,
வெலிங்டன் ஸ்கூல் வேன் பாடுகிறது,
அமரர் ஊர்தி ஒன்றும்.
அதைக் கழற்றச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை.

அறுபத்தேழில் வந்ததாம் பாட்டு.
இந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர், ஒரு பெண்,
சினிமா இல்லை, தனித்தட்டு.
அப்புறம் யார் யார் கைக்கோ போயிற்று.
தேயிலைத்தூள் விளம்பரத்தில் லில்லி கொதித்தாள்.
ஒரு காமெடியில் வேட்டி அவிழ்ந்தவன் ஓட
பின்னாலேயே துரத்தினாள்.
சீரியலில் மாமியார் வழுக்குகிற போதெல்லாம்,
கிரிக்கெட்டில் முட்டை வாங்கியவன்
மட்டையை இடுக்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம்.
தேர்தலுக்கு,
நில்லேன் அண்ணே, நில்லேன் அண்ணே, ஓட்டு விழட்டும்.
சிம்ஸ் பார்க் குரங்கு பஜ்ஜி பிடுங்கிய வீடியோவை
முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.
போன வருஷம் டிவி போட்டியில்
எட்டு வயதுப் பிள்ளை பாடியது,
என் சிப்பின் பிசகோடு.
நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு
அந்தக் கடைசி சங்கதி இருக்கே, என்றார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
பர்லியாருக்கு மேலே மண் சரிந்தது.
நாற்பது வண்டி. ஒவ்வொன்றாகப்
பின்னால் எடுங்க என்று டார்ச் ஆட்டினார்கள்.
பனியில் டார்ச் தெரிந்தது, கை தெரியவில்லை.
ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் ஒன்றுமில்லை.
கொண்டை ஊசி வளைவு முழுக்க லில்லிகள்,
ஒன்றின் நில்லேன் மேல் இன்னொன்றின் மழை ஏறி,
எல்லாம் அந்த அரைப்படியில் போய் முட்டி.
சிரிக்கக் கூடாத இடம்.
பஸ் மொத்தமும் சிரித்தது,
முன்சீட்டுக் கம்பியை விடாமல் நானும்.
மழை விடவில்லை.

வெள்ளிக்கிழமை கிரீம் கலர் மாருதி ஒன்று வந்தது.
ரசீதில் எழுதச் சொன்ன பேர் வினிஃப்ரெட் லாசரஸ், பெட்போர்டு.
பின்னால் எடுக்கும்போது ஏதாவது சத்தம் வேணுமாம்,
மகன் போனில் திட்டறான்.
டப்பாவைத் திறந்து, பேட்டரியில் தொட்டுக் காட்டினேன்.
முடியும்வரை கேட்டார்.
வெறும் பீப் இல்லையா?
அது நானூறு மேடம், இது நூற்றெண்பது.
நானூறே போடும்மா.

பாட்டு பிடிக்காதா என்றேன், ஸ்க்ரூவைத் திருகியபடி.
ரெண்டாவது சரணத்திலே லில்லி நிக்கமாட்டா,
மழையிலேயே போயிடுவா.
அதை யாருமே போடறதில்லை.
கைக்குட்டையை மடித்தார். விரித்தார்.
அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் வேறே.

என்னைக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
சால்டரிங் புகை கண்ணில் பட்டது.

மேட்டில் பின்னால் எடுத்தார், மெதுவாக,
பீப்,
பீப்,
நடுவில் அத்தனை காலி இடம்.
ஆட்டோ ஸ்டாண்ட் பையன்களால் பொறுக்க முடியவில்லை,
மூன்று பேர் சீட்டியில் நிரப்பினார்கள்
நில்லேன் லில்லி, முழுசாக, பிசகோடு.
பிரேக் விளக்கு எரிந்தது.
கண்ணாடி இறங்கியது.
கடைசி ஒற்றைச் சுரத்தை மட்டும்
இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிப் பாடிவிட்டு
முதல் கியர் போட்டார்.

தப்பு ஆன்ட்டி, தப்பு,
என்று கத்தினார்கள் பையன்கள்.